உத்தியோக நியமமும் அதன் அளவுகோலும்

(செஞ்சியில், பல துறை ஊழியர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



ஓர் ஊழியர் தாம் பணிபுரியும் இடத்தின் நியமங்களுக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட்டு நடப்பார், எந்த இடத்தில் அவற்றை மீறத் துணிவார் என்பதை முன்கூட்டியே அளந்து அறிய முடியுமா என்ற கேள்வி, இக்காலத்துக் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுகளில் புதிதாக எழுந்ததன்று. சம்பளம் கொடுப்பவர் ஒருவரும் அதை வாங்குபவர் ஒருவரும் உலகில் தோன்றிய நாளிலேயே அதுவும் தோன்றிவிட்டது. அதற்கு அரசர்கள் ஒரு விதமாக விடை தேடினார்கள். ஊர்ச் சபைகள் வேறொரு விதமாகத் தேடின. இன்று மனோதத்துவ நிபுணர்கள் கேள்வித்தாளையும், அரசாங்கங்கள் கைப்பேசிக் காமிராவையும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். இந்த முயற்சிகளில் எது எவ்வளவு பலித்தது என்பதையும், பலிக்காதவை ஏன் பலிக்கவில்லை என்பதையும் உங்கள் முன் ஆராய விரும்புகிறேன்.

இந்த ஆராய்ச்சிக்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. சிவாஜி 1677-ல் கைப்பற்றிப் பலப்படுத்திய இக்கோட்டைக்கு, அவருடைய குமாரர் ராஜாராம் 1689-ல் அடைக்கலம் தேடி வந்து, இங்கிருந்தே மராட்டிய ராஜ்யத்தை நடத்தினார். அவரைப் பிடிப்பதற்காக ஔரங்கசீப் பாதுஷா அனுப்பிய சேனாபதி ஜுல்பிகர் கான் 1690-ல் இம்மலைகளுக்கு முன் பாளையம் இறங்கினார். கோட்டை விழுந்ததோ 1698-ன் தொடக்கத்தில். அதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் நடந்த இந்த முற்றுகையைப் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகங்கள் மராட்டியரின் வீரத்துக்கு உதாரணமாகச் சொல்லும். எனக்கோ அது ஓர் உத்தியோகஸ்தரின் நடத்தையை எஜமானர் அளக்க முயன்று தோற்றுப்போன கதையாகவும் தோன்றுகிறது.

மொகலாய அரசாங்கம் தன் ஊழியர்களை அளப்பதில் அசிரத்தையாக இருந்தது என்று எவரும் சொல்ல முடியாது. மன்சப்தார்கள் எனப்பட்ட உத்தியோகஸ்தர்கள் தத்தம் தகுதிக்கு ஏற்ற எண்ணிக்கையில் குதிரை வீரர்களை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது நியமம். ஆனால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீரர்களை வைக்காமல், அணிவகுப்பு நாளில் மட்டும் கடைத்தெரு ஆட்களுக்கு வேஷம் கட்டியும், இரவல் குதிரைகளை ஓட்டிவந்து நிறுத்தியும் கணக்குக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதைத் தடுக்கவே 1573-74-ல் அக்பர், குதிரைக்குச் சூடு போட்டு அடையாளமிடும் 'தாக்' முறையையும், வீரனுடைய முகச் சாயல், மச்சம், தழும்பு முதலியவற்றை எழுதி வைக்கும் 'சேரா' முறையையும் கடுமையாக அமல்படுத்தினார். இவை போதாவென்று, ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு சைனியத்திலும் நடப்பவற்றை எழுதி அரண்மனைக்கு அனுப்ப வாக்கியநவீஸ் என்ற செய்தி எழுத்தர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதியதைச் சரிபார்க்க, இன்னாரென்று தெரியாத ரகசிய எழுத்தர்களும் இருந்தார்கள்.

இவ்வளவு ஏற்பாடுகள் இருந்தும், ஜுல்பிகர் கான் மனப்பூர்வமாகக் கோட்டையைப் பிடிக்க முயல்கிறாரா, அல்லது முற்றுகையை வேண்டுமென்றே வளர்த்துக்கொண்டு போகிறாரா என்ற ஒரே ஒரு விஷயத்தைப் பாதுஷாவால் நிச்சயமாக அறிந்துகொள்ள முடியவில்லை. அதே பாளையத்தில் தளபதி தல்பத் ராவ் புந்தேலாவின் கீழ் ஊழியம் செய்த பீம்சேன் என்பவர், தாம் எழுதிய 'தாரிக்-இ-தில்குஷா' என்ற பாரசீக நூலில், கான் விரும்பியிருந்தால் கோட்டையை வெகு சீக்கிரத்திலேயே பிடித்திருக்கலாம் என்றும், காரியத்தை நீட்டிக்கொண்டு போவது சேனாபதிகளின் வழக்கமே என்றும் எழுதி வைத்திருக்கிறார். யுத்தம் நீடிக்கும்வரை அதிகாரம் நீடிக்கும், மானியமும் நீடிக்கும் என்பதே அதன் உட்பொருள். இதில் விசித்திரம் என்னவென்றால், 1692-ன் இறுதியில் பாதுஷாவின் புத்திரரான காம்பக்ஷ், ராஜாராமுடன் ரகசியமாகப் பேரம் பேசுகிறார் என்று குற்றம் சாட்டி அவரைக் காவலில் வைத்தவர்கள், வஜீர் ஆசத் கானும் அவர் மகனான இதே ஜுல்பிகர் கானுமே ஆவர். பிற்பாடு அதே சந்தேகம் ஜுல்பிகர் கான் மேலேயே படிந்தது. ஆயினும் கோட்டை பிடிபட்ட பின், அவருடைய 'நுஸ்ரத் ஜங்' என்ற பட்டத்தை அடியொற்றிச் செஞ்சிக்கு 'நுஸ்ரத்கட்' என்ற பெயரே சூட்டப்பட்டது.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைமேல் ஏறிப் பார்த்தவர்களுக்கு அளவைக்குரிய சிக்கல் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். சுமார் 800 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியை நெருங்கும்போது, பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளமாக நிற்கிறது. அதன்மேல் போட்டிருந்த மரப்பாலத்தை உள்ளே இருப்பவர்கள் இழுத்துக்கொண்டால், வெளியே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் பயனில்லை. யோக்கியமான சேனாபதிக்கும் இந்த இடத்தில் காலதாமதம் ஆகத்தான் செய்யும். ஆகவே தாமதத்துக்குக் காரணம் மலையா, மனமா என்பதைத் தொலைதூரத்திலிருந்து கணக்கை மட்டும் பார்க்கிறவர் எவ்வாறு நிர்ணயிப்பார்? குதிரையின் தொடையிலுள்ள சூட்டுக்குறியை எண்ணலாம். குதிரைமேல் இருப்பவருடைய எண்ணத்துக்குச் சூடு போட முடியாது. ஊழியர் நடத்தையை அளக்கும் முயற்சிகள் அனைத்தும் முட்டிக்கொள்ளும் பாறை இதுவே.

மனத்தையே நேராகச் சோதித்துவிடலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், அமைச்சரைத் தர்மம், தனம், காமம், பிராணபயம் என்ற நான்கு வழிகளில் ரகசியமாகப் பரீட்சிக்கச் சொல்கிறது. திருக்குறளில் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தின் முதற்குறளும் அந்த நான்கையே சுட்ட, பரிமேலழகர் ஒவ்வொரு சோதனையையும் எவர் மூலம் எவ்வாறு நடத்துவது என்று விஸ்தாரமாக உரை வகுத்திருக்கிறார். அரசனுக்கு எதிராகச் சதி நடப்பதாக ஒருவரை விட்டு அமைச்சர் காதில் ஓதுவித்து, அவர் மசிகிறாரா என்று பார்ப்பதுதான் அதன் சாரம். ஆனால் இதை விதித்த கௌடில்யரே, அரசன் தன்னையோ பட்டத்து ராணியையோ இச்சோதனையின் இலக்காக வைக்கலாகாது என்றும், கெடாதவரைக் கெடுத்துவிடக்கூடிய பரீட்சையை நடத்தலாகாது என்றும் எச்சரித்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆசையைக் காட்டிச் சோதிக்கிறவர், அதுவரை தலைகாட்டாத ஓர் ஆசையைத் தாமே விதைத்தவராகவும் ஆகலாம் அல்லவா?

இதற்கு மாறான மார்க்கத்தைச் செஞ்சிக்கு வடகிழக்கேயுள்ள உத்திரமேரூர் காட்டுகிறது. பராந்தக சோழன் காலத்தில் 921-ல் அவ்வூர்ச் சபை கல்லில் வெட்டி வைத்த ஏற்பாட்டின்படி, குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்குரியவர் 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவராகவும், வரி செலுத்தும் நிலம் உடையவராகவும் இருக்க வேண்டும்; முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். ஒருவரது மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று சபையார் துருவவில்லை; கையில் கொடுத்த பொறுப்புக்குக் கணக்கு வந்ததா என்று மட்டும் கேட்டார்கள். ஆனால் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினர்களையும் சேர்த்தே விலக்கினார்கள் என்பதை இன்றைய நியாய உணர்ச்சி ஏற்பது கடினம். ஒருவரது குற்றத்தை வைத்து இன்னொருவரது சுபாவத்தை ஊகிக்கும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது; இன்றும் வேலைக்கு ஆள் எடுக்கும் பல இடங்களில் வேறு பெயரில் அது இருந்து வருகிறது.

இனி, நம் காலத்துச் சாஸ்திரம் சொல்வதைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டில் ரெபெக்கா பென்னெட், சாண்ட்ரா ராபின்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், பணியிட நெறிமீறலை அளப்பதற்காக 19 வாக்கியங்கள் கொண்ட கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அனுமதியின்றித் தாமதமாக வருவது, இடைவேளையை நீட்டிக்கொள்வது, செலவு ரசீதைத் திருத்திக் கூடுதல் பணம் பெறுவது, வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வது போன்ற நிறுவனத்துக்கு எதிரான மீறல்கள் 12. சக ஊழியரைக் கேலி செய்வது, மனம் புண்படப் பேசுவது போன்ற மனிதருக்கு எதிரான மீறல்கள் 7. கடந்த ஓராண்டில் இவற்றை எத்தனை முறை செய்தீர்கள் என்பதை 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'தினந்தோறும்' என்பதுவரை ஊழியரே குறிக்க வேண்டும். உலகெங்கும் பயன்படும் கருவி இது. நிறுவனத்துக்கு இழைக்கும் தீங்கையும் மனிதருக்கு இழைக்கும் தீங்கையும் பிரித்துக் காட்டியது இதன் பெரும் சிறப்பு. ஏனெனில் பத்து நிமிஷம் தாமதமாக வருபவரும் பக்கத்து நாற்காலிக்காரரை அழவைப்பவரும் ஒரே ஜாதிக் குற்றவாளிகள் அல்லர்.

ஆனால் இதன் பலவீனத்தை நம் தாலுகா அலுவலகத்துக் கடைநிலை ஊழியரும் அறிவார். பெயர் எழுத வேண்டாம் என்று எவ்வளவு உறுதி சொன்னாலும், மேலதிகாரி கொடுத்த தாளில் 'ரசீதைத் திருத்தினேன்' என்று எழுதிக்கொடுப்பவர் யார்? இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க ஒரு யுக்தி பிறந்தது. ஒருவரிடம் பகடைக்காயைக் கொடுத்து, பிறர் காணாமல் உருட்டி, விழுந்த எண்ணை அவரே சொல்லட்டும், எண்ணுக்குத் தக்கபடி பணம் தருகிறோம் என்று விட்டுவிடுவது. ரீமா ஹன்னா, ஷிங்-யி வாங் என்ற பொருளாதார அறிஞர்கள் பெங்களூரில் கல்லூரி மாணவர்களை 42 முறை பகடை உருட்டச் சொல்லி, கூட்டுத்தொகையைக் கேட்டார்கள். நேர்மையாக உருட்டினால் சராசரி 147 வர வேண்டும். அதைவிட மிக உயர்ந்த தொகையைச் சொன்னவர் அநேகமாகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று, எவரையும் கையும் களவுமாகப் பிடிக்காமலே மதிப்பிடலாம். 2017-ல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, பகடையில் ஏமாற்றியவர்களே அரசாங்க உத்தியோகத்தை அதிகமாக விரும்பினார்கள். அரசு சுகாதார நிலையங்களின் செவிலியர்களிடம் இதே விளையாட்டை நடத்தியபோது, அதில் ஏமாற்றியவர்களே வேலைக்கும் முறையின்றி வராதிருக்கும் போக்கு உடையவர்களாகக் காணப்பட்டார்கள்.

இதைக் கேட்டவுடன், அரசு ஊழியர் என்றாலே இப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்ல நாக்கு துடிக்கும். அவசரப்பட வேண்டாம். இதே போன்ற ஆராய்ச்சியை டென்மார்க்கில் நடத்தியவர்கள் 2019-ல் வெளியிட்ட முடிவு இதற்கு நேர் எதிரானது: அங்கே நேர்மையான மாணவர்களே அரசுப் பணியை நாடினார்கள். பகடை ஒன்றே, மனித இயல்பும் ஒன்றே. வேறுபட்டது, அந்தந்த நாட்டில் அரசு உத்தியோகம் எதற்காக நாடப்படுகிறது என்ற எதிர்பார்ப்பு. ஆகவே தனிமனிதரின் போக்கை அளப்பதாக நாம் எண்ணிக்கொண்டு செய்யும் பரீட்சை, உண்மையில் ஸ்தாபனத்தின் யோக்கியதையையும் சேர்த்தே அளந்துவிடுகிறது.

மேலும், எந்த நியமத்தை மீறுவதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் தெளிவாக வேண்டும். அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகிலிருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, டெலிபோன் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் பிரிவின் 14 தொழிலாளரை ஒரு தனி அறையில் அமர்த்தி, ஒருவர் மூலையில் உட்கார்ந்து அவர்களைக் கவனித்துவந்தார். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்பது கம்பெனியின் விதி. ஆனால் அந்த அறைக்கென்று எழுதப்படாத வேறொரு விதி இருந்தது: நாளொன்றுக்கு இரண்டு கருவிகளே நியாயமான வேலை, அதற்கு மேல் செய்கிறவர் கூலி விகிதத்தைக் கெடுப்பவர், மிகவும் குறைவாகச் செய்கிறவர் மற்றவர் உழைப்பில் வாழ்பவர், மேலாளரிடம் சொல்கிறவர் கோள்காரர். வேகமாகச் செய்கிறவருடைய மேற்கையில் மற்றவர்கள் ஒரு குத்துவிடுவார்கள். அது விளையாட்டாகவும் இருக்கும், எச்சரிக்கையாகவும் இருக்கும். நிபுணர்கள் இவர்களுக்குப் புத்தித்திறன் பரீட்சையும் வைத்துப் பார்த்தார்கள். மிகக் குறைவாக உற்பத்தி செய்தவரே அதில் முதலாவதாக வந்தார். திறமை குறைவால் அன்று, தோழருக்குக் கட்டுப்பட்டதால் அவர்கள் கைகள் நின்றன. இவர்களை நியமம் மீறியவர்கள் என்பதா, நியமத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதா? கம்பெனியின் ஏட்டில் முன்னது, அறையின் ஏட்டில் பின்னது; இரண்டும் மெய்யே.

இப்போது நம்மூருக்கே வருவோம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் பொய் வருகையைத் தடுப்பதற்காக, 2023 ஜனவரி முதல் வேலை நடக்கும் இடத்திலேயே நாளுக்கு இருமுறை தொழிலாளரைக் கைப்பேசியில் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. ஏரி வேலைக்குப் போன பெண்கள் மண்வெட்டியையும் கூடையையும் கீழே வைத்துவிட்டு வரிசையாக நிற்க, பணித்தளப் பொறுப்பாளர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி டவர் கிடைக்கும் மேட்டைத் தேடி ஏரிக்கரையில் நடப்பார். படம் ஏறாவிட்டால், காலை முதல் மண் சுமந்தவருக்கும் அன்றைய கூலி சந்தேகத்துக்குள்ளாகிவிடும். மறுபக்கத்தில், படத்தையே படமெடுத்து ஏற்றுவதும், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுவதும் பல இடங்களில் நடப்பதாக ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. 'சேரா' என்ற பாரசீகச் சொல்லின் பொருள் முகம் என்பதே. அக்பர் காலத்தில் எழுத்தில் பதிந்த முகம் இன்று கைப்பேசியில் பதிகிறது. இரவல் குதிரையின் ஸ்தானத்தில் இரவல் படம் வந்து நிற்கிறது. அளவை இறுக இறுக, யோக்கியருக்குத் தொல்லையும் அயோக்கியருக்கு யுக்தியும் சமமாக வளர்வதைத்தான் காண்கிறோம்.

அப்படியானால் அளக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அளக்கத்தான் வேண்டும், வேலைக்கு வராத செவிலியரால் அவதிப்படுபவள் பிரசவத்துக்கு வந்த ஏழைப் பெண் அல்லவா? ஆனால் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டையோடு வரும் விவசாயி, தன் நெல்லை நிறுப்பதற்கு முன் தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும் உரிமையுடையவர். அவ்வாறே ஊழியரை நிறுப்பதற்கு முன், நிறுக்கும் நியமத்துக்கு முத்திரை உண்டா என்று கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். ஆல்வின் கோல்ட்னர் என்ற சமூகவியல் அறிஞர், அமெரிக்காவில் ஜிப்சம் வெட்டியெடுக்கும் சுரங்கமும் தொழிற்சாலையும் ஒருங்கே இருந்த இடமொன்றை ஆராய்ந்து 1954-ல் எழுதிய நூலில், மேலாளரும் தொழிலாளரும் சேர்ந்தே அலட்சியம் செய்யும் போலி விதிகள், இரு தரப்பாரும் நியாயமென ஏற்றுப் போற்றும் விதிகள், ஒரு தரப்பார் மறு தரப்பாரைத் தண்டிக்கவே வைத்திருக்கும் விதிகள் என்று மூன்றாகப் பிரித்தார். ஊழியர் எத்தனை விதிகளை மீறினார் என்று கூட்டல் போடுகிறவர் இம்மூன்றையும் ஒரே எடையாகச் சேர்த்துவிடுகிறார். விதிப்படி வேலை என்ற போராட்டத்தை நாம் அறிவோம். சகல விதிகளையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினாலே காரியாலயம் ஸ்தம்பித்துவிடும் என்றால், சாதாரண நாட்களில் அந்தக் காரியாலயம் ஊழியரின் விவேகமான மீறல்களால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பெறப்படும். எலிசபெத் மாரிசன் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சுயலாபத்துக்காக அன்றி, வேலை செவ்வனே நடக்கவும், சக ஊழியருக்கு உதவவும், நாடிவந்தவருக்கு நன்மை செய்யவும் விதியை மீறுவோரைத் தனி வகையாகவே பிரித்து ஆராய்ந்தார்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு செஞ்சியின் சரித்திரத்தை மறுபடி பார்த்தால், இரண்டு மனிதர்கள் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் ஜுல்பிகர் கான்: ஏட்டின்படி அவர் முற்றுகையை விடவில்லை, முடிவில் கோட்டையையும் பிடித்தார், பட்டமும் பெற்றார். மற்றவர், தேசிங்கு ராஜன் என்று நாம் அழைக்கும் தேஜ் சிங்: தந்தை சொரூப் சிங்குக்குப் பின், முறையான புதுச் சாசனம் பெறாமலும், வரிப் பாக்கிக்குக் கணக்குத் தீர்க்காமலும் கோட்டையை வைத்துக்கொண்டார் என்று ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் ஏட்டில் குற்றவாளியாகி, 1714-ல் போரில் மாண்டார். ஆனால் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் ஜனங்கள் கொண்டாடுவது தேசிங்கையே. ஜனங்கள் எப்போதும் சரியாகவே அளக்கிறார்கள் என்று நான் வாதிக்கவில்லை. வரிப் பாக்கியும் ஒரு பொறுப்புத்தான். ஆயினும் அவர்கள் ஏட்டைப் பார்க்காமல் வேறொன்றைப் பார்த்தார்கள்: கான் காலம் கடத்தியதன் லாபம் கானுக்குச் சென்றது, தேசிங்கு பணிய மறுத்ததன் நஷ்டம் தேசிங்கின் தலையிலேயே விழுந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஓர் ஊழியர் நியமத்தை மீறினார் என்ற செய்தி மேஜைக்கு வந்ததும், அந்த மீறலின் பயன் யாருக்குச் சென்றது, அதன் பாரம் யார்மேல் விழுந்தது என்ற இரண்டையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயன் தமக்கும் பாரம் பிறருக்குமாக இருந்தால், அது சிறிய மீறலானாலும் கடிந்துகொள்ளுங்கள். பயன் பிறருக்கும் பாரம் தமக்குமாக இருந்தால், திருத்தப்பட வேண்டியது அநேகமாக அந்த விதி; அவரைத் தண்டிப்பதற்கு முன் விதியைத் திருத்துங்கள். ஒரே விதியைப் பெரும்பாலோர் மீறினால், அத்தனை பேரும் கெட்டவர்கள் என்று எண்ணுவதைவிட, அது கோல்ட்னர் சொன்ன போலி விதியாக இருக்கக்கூடும் என்று எண்ணுவதே விவேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரி எந்தக் கோலால் ஊழியரை அளக்கிறாரோ அதே கோலால் ஆண்டுக்கொருமுறை தம்மை அளக்க ஊழியருக்கும் இடம் கொடுக்கட்டும். அந்தத் துணிவு இல்லாத காரியாலயத்தில் எந்தக் கேள்வித்தாளும், எந்தக் காமிராவும், எத்தனை ரகசிய எழுத்தரும் உண்மையைக் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை.